நாலாவது ஆள்

காலை ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பாராயணம் நடக்கும். "ரைட் பேஷன்ட், ரைட் டிரக், ரைட் டோஸ், ரைட் ரூட், ரைட் டைம்."

அக்கா மகள். பி.எஸ்ஸி. நர்சிங் இரண்டாம் வருஷம். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் எங்கள் வீட்டிலிருந்து காலேஜுக்குப் போய் வருகிறாள். சரியான நோயாளிக்கு, சரியான மருந்தை, சரியான அளவில், சரியான வழியில், சரியான நேரத்தில் கொடுக்க வேண்டும். மருந்து ட்ராலியைத் தொடுவதற்கு முன்னால் நர்சிங் மாணவிகளுக்கு முதலில் மனப்பாடம் ஆக வேண்டியது இந்த ஐந்தும்தான்.

"இதையெல்லாம் ஒரு பாடமா வெச்சிருக்காங்களா? மளிகைக் கடைப் பையன்கூட சரியான வீட்டுக்கு சரியான சாமானைக் கொடுத்துட்டுப் போறானே" என்று கிண்டலடித்தேன். பதில் சொல்லாமல் எழுந்துபோய், ஃப்ரிட்ஜ் மேலிருந்த மாத்திரை டப்பாவை எடுத்து வந்தாள்.

"இது என்ன மாத்திரை மாமா?"

"பிரஷருக்கு."

"இது?"

"அதுவும்... இரு, அது உங்க அத்தையோட தைராய்டு மாத்திரையோ?"

இரண்டும் வெள்ளை, இரண்டும் பொடிசு. ஸ்ட்ரிப்பிலிருந்தும் பாட்டிலிலிருந்தும் ஒரு வாரத்துக்கு எடுத்து ஒரே டப்பாவில் கொட்டி வைத்திருந்தோம். "ரைட் டிரக்லயே ஃபெயில்" என்று சொல்லிவிட்டு மறுபடி படிக்க உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் இல்லாத நேரத்தில் அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறேன். நான் பி.காம். கெமிஸ்ட்ரியைப் பத்தாவதோடு தலைமுழுகினவன். ஆனாலும் பாதி புரிந்தது. டிஜாக்ஸின் என்று ஓர் இதய மருந்து. சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவர் உடம்பில் அது பாதியாகக் குறைய சுமார் ஒன்றரை நாள். அடுத்த ஒன்றரை நாளில் மீதியில் பாதி. பிறகு அதில் பாதி. அட, நம்ம தேய்மானக் கணக்கு! குறைந்து செல் இருப்பு முறை. (மதுபானம் ஏறக்குறைய நேர்கோட்டு முறை. எவ்வளவு உள்ளே போனாலும் ஈரல் மணிக்கு இவ்வளவுதான் என்று ஒரே அளவில் கழிக்கும். ராத்திரி அடித்தது காலையில் ஸ்கூட்டர் ஓட்டும்போதும் ரத்தத்தில் இருப்பது அதனால்தான்.)

பழைய பாக்கி தீராமல் புதுப் பாக்கி ஏறினால் என்ன ஆகும்? டிஜாக்ஸினில் உதவுகிற அளவுக்கும் விஷமாகிற அளவுக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைவு. சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு அது வெளியேற இன்னும் நாளாகும். அதனால் மாத்திரையைக் கொடுக்கும் முன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிஷம் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். டாக்டரே கைப்பட எழுதியிருந்தாலும்! இந்த இடத்தில் என் மளிகைக் கடை உவமை உடைந்தது. கொடுக்காமல் இருப்பதும் அவள் வேலைதான்.

இன்சுலின் பாடம் அதைவிட பயமுறுத்தியது. நம் ஊர் பாட்டில்களில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் பாட்டிலும் உண்டு. சிரிஞ்சும் இரண்டு விதம். சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் இன்சுலினை 40-க்கான சிரிஞ்சில் 20-வது கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 யூனிட் இல்லை, 50. சிரிஞ்சில் கோடு என்னவோ 20 என்றுதான் காட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு ராத்திரி, சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் நின்றிருந்தேன். பின்னாலேயே வந்தாள்.

"மாமா, ஒரு தப்பு பண்ணிட்டேன். யாருக்கும் தெரியாது. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. சொல்லணுமா?"

வார்டில் அவளுக்கு காலை டியூட்டி. ஒரே கூட்டம். ஸ்டூடண்ட் மருந்து கொடுத்தால் கூட ஒருவர் நிற்க வேண்டும் என்பது விதி. அன்றைக்கு ஸ்டாஃப் சிஸ்டர் ஒருவர்தான், ஐம்பது வேலை. மாத்திரையைக் கையில் கொடுத்து, "லட்சுமியம்மாவுக்குக் குடுத்துட்டு வாடா" என்று அனுப்பியிருக்கிறார். இவள் போய், "லட்சுமியம்மாவா?" என்று கேட்டிருக்கிறாள். கட்டிலில் இருந்த அம்மாள் தலையாட்டினார். விழுங்கினார். சிஸ்டர் சார்ட்டில் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து 14-ம் நம்பர் கட்டிலில் இருந்து இன்னொரு லட்சுமி (பெயரை மாற்றியிருக்கிறேன்), "எனக்குக் காலை மாத்திரை வரலையேம்மா" என்றாராம்.

"அப்ப நீ என்ன சொன்னே?"

"சாயங்காலம் தருவாங்கன்னு சொல்லிட்டேன்."

மாத்திரை வயிற்றுப் புண்ணுக்கானது, பான்டோப்ரசோல். ஒருவர் ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிட்டார். ஒருவருக்கு ஒரு வேளை தவறியது. இரண்டு பேருமே டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"பாடத்துல தெளிவா இருக்கு மாமா. நீங்கதான் லட்சுமியான்னு கேக்கக் கூடாது, யாரா இருந்தாலும் ஆமான்னுடுவாங்க. உங்க பேர் என்னன்னு கேக்கணும். ஐ.பி. நம்பர் பாக்கணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் செய்யலை." கொஞ்ச நேரம் கழித்து, "நான் சொன்னா சிஸ்டர் மாட்டுவாங்க. தனியா அனுப்பினதுக்கு. அவங்க கான்ட்ராக்ட்ல இருக்காங்க" என்றாள்.

சிக்கல் அங்கேதான். தன் தப்பை மட்டும் ஒப்புக்கொள்வதென்றால் தைரியம் இருந்தால் போதும். இவள் உண்மை சொன்னால் இன்னொருத்தர் வேலைக்கு ஆபத்து.

"ஒண்ணும் ஆகலையே, விடு" என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் எனக்கு ஒரு 900 ரூபாய் ஞாபகம் வந்துவிட்டது.

பத்திரிகைக்கு வருவதற்கு முன் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் உதவியாளன். தகுதிகாண் பருவம், சம்பளம் 2,200. கேஷ் புத்தகம் எழுதுவது நான், பெட்டியில் பணம் வைத்திருப்பது ஒரு வயதான கேஷியர். ஒரு நாள் 900 ரூபாய் உதைத்தது. தேடினார்கள், கிடைக்கவில்லை. கேஷியர் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து வேறு எதற்கோ ரசீது அடிக்கட்டையைப் புரட்டினேன். 4,500. புத்தகத்தில் என் கையெழுத்தில் 5,400. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா பார் என்று காமர்ஸ் வாத்தியார் தலைப்பாடாக அடித்துக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. நான் அடிக்கட்டையை மூடி வைத்தேன். வருஷக் கடைசியில் ஆடிட்டர் பச்சை மையில் டிக் அடித்துவிட்டுப் போனார். கேஷியர் அதற்குப் பிறகும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இதை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதல் தடவை சொல்கிறேன்.

அவளிடம் சொன்னது அமெரிக்காவில், டென்னிசி மாநிலம் நாஷ்வில் நகரில் நடந்த கதையை. 2017 டிசம்பர் 26. வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் 75 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஸ்கேன். குழாய்க்குள் போக பயம். பதற்றம் தணிய வெர்செட் என்ற மருந்து கொடுக்கச் சொன்னார்கள். மருந்து வைத்திருக்கும் கம்ப்யூட்டர் அலமாரியில் நர்ஸ் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார். கிடைக்கவில்லை. விதிவிலக்கு பட்டனை அழுத்தி மறுபடி தட்டியதும் அதே இரண்டு எழுத்தில் தொடங்கும் வெக்குரோனியம் வந்தது. எடுத்து, கரைத்து, ஏற்றிவிட்டார். வெக்குரோனியம் தசைகளைச் செயலிழக்கச் செய்வது. நினைவு இருக்கும், மூச்சு விட முடியாது. அந்தப் பெண்மணி மறுநாள் இறந்துபோனார்.

தப்பு தெரிந்த உடனே நர்ஸ் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். ஆஸ்பத்திரியோ அரசுக்குத் தெரிவிக்க வேண்டியதைத் தெரிவிக்கவில்லை. குடும்பத்தாரோடு சமரசம் பேசி முடித்தது. 2018-ல் யாரோ பெயர் சொல்லாமல் தகவல் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 2019-ல் நர்ஸ் கைது, 2021-ல் லைசென்ஸ் ரத்து, 2022 மார்ச்சில் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளி என்று தீர்ப்பு. மே மாதம் சிறை இல்லாமல் மூன்று ஆண்டு கண்காணிப்புத் தண்டனை. ஆஸ்பத்திரி மீது கிரிமினல் வழக்கு எதுவும் இல்லை.

நர்ஸ் செய்தது சின்னத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மருந்து பொடியாக இருக்கும், கரைக்க வேண்டும். வெர்செட் கரைக்கத் தேவையில்லாத திரவம். மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது. ஊசி போட்டுவிட்டுக் கூட நிற்கவும் இல்லை. வரிசையாக இத்தனை கதவையும் திறந்துகொண்டு போனவரையும், ஒரு கேள்வியைத் தப்பாகக் கேட்டவளையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. என் அக்கா மகள் கையில் அன்றைக்கு இருந்தது பான்டோப்ரசோல். அது டிஜாக்ஸினாக இருந்திருந்தால்? அவள் செய்த தப்பின் அளவு மாறியிருக்காது. விளைவு மட்டும்தான் வேறு. 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் இதைத்தான் தோண்டினார்கள். இரண்டு பேர் ஒரே மாதிரி கவனமில்லாமல் வண்டி ஓட்டுகிறார்கள். ஒருவன் எதிரில் குழந்தை ஓடிவருகிறது, இன்னொருவன் எதிரில் யாரும் வரவில்லை. முதல் ஆளைக் கொலைகாரன் என்கிறோம். இரண்டாவது ஆள் வீட்டுக்குப் போய் சீரியல் பார்க்கிறான். இது நியாயமா? விளைவை வைத்துத்தான் குற்றத்தை அளப்போம் என்றால், 'ஒண்ணும் ஆகலை' என்பவர் யாருமே வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த மரணத்தைத் தடுக்கிற தகவல் அந்த 'ஒண்ணும் ஆகாத' தப்புகளில்தானே இருக்கிறது? ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருந்தால் என்ன நடக்கும் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நம் சட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, 106-வது பிரிவு. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. சிகிச்சையின்போது பதிவு பெற்ற மருத்துவர் செய்தால் இரண்டு ஆண்டு வரை. அந்தச் சலுகை மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குத்தான் என்று விளக்கமும் இருக்கிறது. நர்ஸ்கள் பதிவு செய்வது நர்சிங் கவுன்சிலில். மாத்திரையை எழுதியவருக்கு இரண்டு, எடுத்துக் கொடுத்தவருக்கு ஐந்து! பழைய சட்டத்தில் எல்லோருக்கும் இரண்டுதான். (அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் 2024-ல் மறுபக்கம் போனது. அப்பட்டமான அலட்சியம் இல்லாத மருத்துவத் தவறுகளுக்குக் கிரிமினல் வழக்கு கிடையாது என்று சட்டம் போட்டார்கள்.)

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தை முடிக்கும்போது வைத்தியத்துக்கு நாலு பங்கு வைக்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, நாலாவதாக உழைச்செல்வான். பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொள்கிறவர். ஸ்கூலில் படித்தபோது அந்த நாலாவது ஆளை யாரென்று கேட்டதாக ஞாபகம் இல்லை. டாக்டர் தப்பாக எழுதினால் மருந்துக் கடைக்காரர் பிடிக்கலாம். கடைக்காரர் விட்டதை நர்ஸ் பிடிக்கலாம். நர்ஸுக்கு அப்புறம் நோயாளியின் தொண்டைதான். எல்லார் தப்பும் கடைசியில் வந்து நிற்கிற இடத்தில் சம்பளத்தைக் குறைவாக வைத்து, ஆளையும் குறைவாக வைத்து, 'உண்மையை மட்டும் முழுசாகச் சொல்' என்கிறோம். கேட்க நமக்கு என்ன யோக்யதை?

இருந்தாலும் கேட்டேன். "சொல்லு" என்றேன். சிஸ்டர் பாவம் என்பது நிஜம்தான். ஆனால் சார்ட்டில் ஒரு பொய் நிற்கிறது, 14-ம் நம்பர் அம்மாள் மாத்திரை சாப்பிட்டதாக. கணக்கில் தப்பை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். "எங்களுக்கும் அதேதான் மாமா, ஒயிட்னர் போட்டா வேலை போயிடும்" என்றாள்.

"முதல்ல சிஸ்டர்கிட்டயே போ. அவங்களுக்குத் தெரியாம மேல போகாதே" என்றும் சொன்னேன். அது அறமா, தந்திரமா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

போனாள். சிஸ்டர் கத்தியிருக்கிறார். பிறகு அவரே இவளைக் கூட்டிக்கொண்டு இன்சார்ஜிடம் போனாராம். சம்பவ அறிக்கை எழுதினார்கள். டியூட்டர் இவளை ஒரு வாரம் மருந்து ட்ராலி பக்கம் விடவில்லை. சிஸ்டருக்கு ஒரு மெமோ. இப்போது அந்த வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் இரண்டு கேஸ் ஷீட்டிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். மெமோவும் சிஸ்டர் ஃபைலில் இருக்கிறது. அதன்பிறகு சிஸ்டர் இவளோடு பேசுவதில்லை. டியூட்டி முடிந்து வந்தால் அத்தையிடம் சொல்லி அழுவாள்.

நேற்று சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே, "சிஸ்டர் இன்னைக்குப் பேசினாங்க மாமா" என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"மாத்திரையைக் கையில குடுத்துட்டு, 'பேரைக் கேட்டுக் குடு'ன்னாங்க. பின்னாலேயே வந்து நின்னாங்க."