பொறுத்தலும் ஒறுத்தலும்

பிறர் வாழ்வைக் காணும்போது நம் வாழ்வின் குறை நமக்குப் புலப்படுவதுண்டு. அண்மைக் காலத்தில் அவ்வாறு நம் இல்லத்துள் நுழைந்த கண்ணாடிகள் இரண்டு: ஒன்று கொரிய நாட்டுத் தொலைக்காட்சித் தொடர், மற்றொன்று ஜப்பானியத் தொடர். அலுவலகம் முடிந்து, மெட்ரோவும் பேருந்தும் மாறி, அரசுக் குடியிருப்பின் இரண்டாம் மாடியேறி வந்து, மோர்ச்சோறு உண்டபின் சிறிது நேரம் அவற்றின் முன் அமர்வது சில ஆண்டுகளாகவே நம் வழக்கமாகிவிட்டது. திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்துகளைப் படித்துக்கொண்டே பார்க்க வேண்டும். அதனால் கண்ணுக்குச் சிறிது வருத்தம். எனினும் நெஞ்சுக்கு அது தோன்றுவதில்லை.

“நம் மொழியில் இல்லாத கதையா? எதற்கு இந்த அயல்நாட்டு மோகம்?” என்று நண்பர் சிலர் வினவுகின்றனர். மோகம் நமக்கு மட்டும் உரியதன்று. மணிப்பூரில் 2000ஆம் ஆண்டில் இந்தித் திரைப்படங்களுக்கு ஆயுதக்குழு ஒன்று தடை விதித்தபின், அங்குள்ள வீடுகளில் கொரியத் தொடர்கள் வேரூன்றின. பின்னர்த் தமிழில் குரல் மாற்றப்பெற்று நம் தாயகத்துத் தொலைக்காட்சிக்கும் அவை வந்தன. பதினாறு அல்லது இருபது பகுதிகளில் கதை முடிந்துவிடுகிறது என்பது ஒரு நன்மை. வாயிலில் காலணியைக் கழற்றுவதும், மூத்தோரைப் பெயர் சொல்லி அழையாமையும், பெரியவருக்கு இரு கைகளாலும் ஊற்றிக் கொடுப்பதும் நம்மவர்க்கு அயலாகத் தோன்றாமை மற்றொன்று. கொரியக் குழந்தை தந்தையை ‘அப்பா’ என்றே அழைப்பதைக் கேட்டுப் பூரிக்காத தமிழரில்லை. ஒரு சொல்லொற்றுமையைக் கொண்டு இனவொற்றுமை நாட்டுவது அவசரம் என்பதை அறிவோம். ஆயினும் பூரிப்பை யார் தடுக்க இயலும்?

இத்தொடர்கள் நம் முன் வைக்கும் வினாக்களுள் ஒன்றை மட்டும் ஈண்டு ஆராய விழைகின்றோம். தீங்கிழைக்கப்பட்டவன் பொறுத்தல் வேண்டுமா, ஒறுத்தல் வேண்டுமா? இவ்வினா நமக்கு ஏட்டுச் சுரைக்காயாக இருந்த காலம் உண்டு. அது கறிக்கு வந்த கதையையும் மறையாது கூறுவோம்.

ஓஷின் காட்டும் பொறுமை

பொறுமைக்கு எடுத்துக்காட்டாக உலகமே கொண்டாடிய தொடர் ‘ஓஷின்’. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை காலைதோறும் பதினைந்து நிமிடமாக, 297 பகுதிகளில் அதனை ஒளிபரப்பியது. எழுதியவர் ஹஷிதா சுகாகோ என்னும் பெண்மணி. அந்நாட்டில் அதன் சராசரிப் பார்வையளவு 52.6 விழுக்காடு, ஒரு நாளில் 62.9 விழுக்காட்டையும் தொட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது காட்டப்பெற்றது.

கதை 1901இல் யாமகதா மலைநாட்டுக் குத்தகை உழவன் வீட்டில் பிறந்த பெண்ணைப் பற்றியது. ஏழு வயதில் ஓர் அரிசி மூட்டைக்கு ஈடாக, ஓராண்டுப் பணிப்பெண்ணாக அவள் மரக்கடைக்காரர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். பனி உருகாத மொகாமி ஆற்றில் கட்டுமரம் அவளை ஏற்றிச் செல்கிறது; கரையில் தாய் நின்று கதறுகிறாள். பனிக்குளிரில் துணி துவைப்பதும், ஒரு குழந்தை மற்றொரு குழந்தையை முதுகில் சுமப்பதும், பசித்த வயிற்றோடு உறங்குவதும் கண்டு நம் இல்லாள் விம்மியழுதார். நாமும் கண்களைத் துடைத்துக்கொண்டு, “பார்த்தாயா, பொறுத்தார் வாழ்ந்தார்!” என்று மகளிடம் கூறினோம். பின்னாளில் அப்பெண் பதினேழு கடைகளுக்கு உரிய குடும்பத்தின் மூதாட்டி ஆகிறாள் அன்றோ!

ஆனால் கதையை ஊன்றி நோக்கினால், நாம் கூறியது பாதி உண்மையே என்பது விளங்கும். ஓஷின் உழைப்பைப் பொறுத்தாள், பசியைப் பொறுத்தாள். செய்யாத திருட்டுக்காக அவமதிக்கப்பட்டபோது பொறுத்தாளல்லள். ஐம்பது சென் நாணயத்தை எடுத்தாள் என்று பழி வந்ததும், அக்குழந்தை அவ்வீட்டை விட்டுப் பனிமலையில் ஓடினாள். வளர்ந்தபின், 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தொழிலை இழந்து கணவனின் ஊரான சாகாவுக்குச் சென்றவள், மாமியார் கொடுமையில் ஒரு மகவையும் பறிகொடுத்தாள். அங்கும் இறுதிவரை அடங்கிக் கிடக்கவில்லை. கணவன் உடன்வாராத நிலையிலும் மகனைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். பொறுமையின் தெய்வமென்று நாம் கும்பிட்ட பெண் வாழ்வில் இரு முறை கதவைத் திறந்துகொண்டு போனவள்! அழுகைக்கிடையே இதனை நாம் கவனியாது விட்டோம். ‘ஷின்’ என்னும் ஒலிக்கு ஜப்பானிய மொழியில் துன்பம் என்ற பொருள் மட்டுமன்றி, மெய், நம்பிக்கை, நெஞ்சம் என்ற பொருள்களும் உண்டு. நாம் முதற்பொருளோடு நின்றுவிட்டோம்.

நம் வீட்டில் நிகழ்ந்தது

நம் மகள் எட்டாம் வகுப்பிற் பயின்ற ஆண்டு அது. பள்ளியில் மாணவியர் சிலர் அவளது இந்தி உச்சரிப்பைப் பழித்துக் காட்டினர். பின்னர் அவள் உண்ணும் தயிர்ச்சோற்றின் மணத்தைச் சொல்லி மூக்கைப் பொத்தினர். பின்னர் அவளருகில் எவரும் அமரலாகாது என்று ஏற்பாடு செய்தனர். ஒரு நாள் அவள் நோட்டுப் புத்தகம் நனைந்து திரும்பியது. அவள் நம்மிடம் சொன்னாள். நாம் கூறிய விடை: “பொறுத்துக்கொள் அம்மா. நாம் வெளியூரிலிருந்து வந்தவர்கள். படித்து முன்னுக்கு வந்தால் தாமே அடங்குவர்.”

இது நம் வஞ்சகமன்று, நம் அனுபவம். இருபது ஆண்டுகட்கு முன் தேர்வெழுதித் தலைநகருக்கு வந்தபோது, வாடகை வீட்டுக்காரரிடமும், அலுவலகத்து மூத்தவரிடமும், காய்கறிக்காரரிடமும் நாம் செலவழித்த நாணயம் பொறுமை ஒன்றே. வேற்றூர் சென்று பிழைக்கும் நம் போன்றோர் பலரும் அந்நாணயத்தை முடிந்து வைத்துக்கொண்டே வந்தோம். அதையே மகள் கையிலும் கொடுத்தோம். அதன்பின் அவள் பள்ளியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். ‘சரியாகிவிட்டது’ என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

சில மாதம் கழித்து ஓரிரவு, நாமும் இல்லாளும் ‘தி குளோரி’ என்னும் கொரியத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 2022 டிசம்பர் இறுதியிலும் 2023 மார்ச்சிலும் இரு பாகங்களாக வெளிவந்தது. கிம் உன்-சுக் எழுதியது. சிறுவர்க்கு உரியதன்று. மூன் டோங்-உன் என்னும் ஏழைப் பெண்ணை உடன் பயிலும் செல்வர் மக்கள், முடியைச் சுருட்டும் சூட்டுக்கோலால் சுடுகின்றனர். வகுப்பாசிரியர் அவளையே அடிக்கிறார். பெற்ற தாய் பணம் பெற்றுக்கொண்டு கையொப்பமிட்டு மகளைக் கைவிடுகிறாள். தண்ணீர் அருந்த எழுந்துவந்த மகள் அக்காட்சியைச் சற்று நின்று பார்த்தாள். “அவங்க வீட்லயும் யாரும் கேக்கல போல” என்றாள். குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உறங்கப் போய்விட்டாள்.

‘வீட்லயும்’ என்ற அந்த உம்மை நம்மை உறங்கவிடவில்லை.

பழியின் கணக்கு

அப்படியாயின் ஒறுத்தல்தான் வழியா? டோங்-உன் பள்ளியை விட்டு விலகி, ஆலையில் உழைத்து, ஆசிரியையாகி, தன்னைச் சுட்டவளின் மகள் பயிலும் வகுப்பிற்கே பொறுப்பாசிரியையாக வந்து நிற்கிறாள். தீயோர் ஒருவரையொருவர் கடித்து வீழ்கின்றனர். காண்போர்க்குப் பெருமகிழ்ச்சி! 2013இல் ஜப்பான் நாடே கண்ட ‘ஹன்சாவா நாவோகி’ தொடரிலும் இதே மகிழ்ச்சி. வங்கி கைவிட்டமையால் தந்தை தூக்கிட்டு மாண்டதைச் சிறுவனாகக் கண்ட ஒருவன், அதற்குக் காரணமானவர் உயர்பதவி வகிக்கும் வங்கியிலேயே சேர்ந்து, பட்டதை இரட்டித்துத் திருப்பித் தருவதே கதை. இறுதிப் பகுதியைத் தோக்கியோ வட்டாரத்தில் 42.2 விழுக்காட்டினர் கண்டனர். இயக்குநர் குழுவின் முன்னே பகைவர் மண்டியிட்டுத் தலை தாழ்த்தும்போது, நாளெல்லாம் ‘எஸ் சார்’ சொல்லி வந்த எழுத்தனாகிய நமக்கும் உள்ளம் குளிர்ந்தது என்பதை ஒளிப்பானேன்?

ஆயினும் இரு கதைகளும் தம் கணக்கை மறைக்கவில்லை. மண்டியிட்ட அதிகாரிக்குக் கிட்டியது சிறு பதவியிறக்கம் மட்டுமே. வென்ற ஹன்சாவாவுக்குக் கிட்டியதோ, வங்கியை விட்டுத் துணைநிறுவனத்துக்கு மாற்றல் ஆணை! அரசு ஊழியர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. டோங்-உன்னோ தன் இளமை முழுவதையும் பகைவரை எண்ணுவதிலேயே செலவிட்டாள். அவளைச் சுட்ட கைகளுக்கு அவள் இரண்டாம் முறையும் தன் வாழ்வைக் கொடுத்துவிட்டாள் என்றே தோன்றுகிறது. தொடர் வெளிவந்த அதே மார்ச்சில், மாணவப் பருவத்தில் தாமும் பிறரை வதைத்தவர் என்ற குற்றச்சாட்டு அதன் இயக்குநர் மீதே எழ, அவர் மன்னிப்புக் கோரினார். வதைத்தவர், வதைபட்டவர் என்று உலகை இரு வரிசையாகப் பிரித்து, நம்மை நல்ல வரிசையில் நிறுத்திக்கொள்வது அத்துணை எளிதன்று.

மூன்றாம் வழி

பொறுத்தலுக்கும் ஒறுத்தலுக்கும் இடையே மற்றொரு வழியைக் காட்டிய தொடர், 2018இல் பதினாறு பகுதிகளாக வந்த ‘மை மிஸ்டர்’. எழுதியவர் பார்க் ஹே-யங். இதன் நாயகர் பார்க் டோங்-ஹுன் கட்டட வலிமையைக் கணக்கிடும் பொறியாளர், நாற்பதைக் கடந்தவர், அலுவலகத்தில் ஓரங்கட்டப்பட்டவர். கட்டடம் நிற்பது, வெளியிலிருந்து அழுத்தும் விசையினும் உள்வலிமை மிகுந்திருப்பதால்தான் என்று அவர் விளக்குவார். அவ்வலுவலகத்தில் தற்காலிகப் பணியாளாக ஈ ஜீ-ஆன் என்ற இளம்பெண். கடன்காரனின் அடிக்கும், பேசவும் கேட்கவும் இயலாத பாட்டியைக் காக்கும் பொறுப்புக்கும் இடையே நசுங்குபவள்.

அவர் அவளுக்குச் செய்த பேருதவி எது? அவளை அடித்தவனை எதிர்த்து நின்றார், அது ஒன்று. நம் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. பாட்டியின் நிலைக்கு அரசு முதியோர் இல்லத்தில் கட்டணமின்றியே இடம் கிட்டும் என்றும், குடியிருப்புப் பதிவைப் பிரித்துக்கொண்டால் போதும் என்றும் அவர் எடுத்துக் கூறுகிறார். இவ்வெளிய விதியைக் கூட அதுகாறும் அவளுக்குச் சொல்வாரில்லை! வாளெடுக்கவில்லை, வசனம் பேசவில்லை. ஒரு விதியைச் சொன்னார். நாள்தோறும் விதிகளோடு உழலும் நாம் எத்தனை பேருக்கு அவ்வாறு சொல்லியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தோம்.

ஈண்டுதான் நமக்கு ஒரு வேறுபாடு தெளிந்தது. வள்ளுவர் பொறையுடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். தமக்குத் தீங்கு செய்தாரைத் தாம் பொறுப்பதே அவர் போற்றும் பெருமை. பிறருக்கு இழைக்கப்படும் தீங்கை நாம் பொறுத்துக்கொண்டிருப்பதற்கு அவ்வதிகாரம் சான்றாகாது. கண்ணகியை நோக்குக. கோவலன் தனக்கிழைத்த தீங்கைப் பொறுத்தவள், கோவலனுக்கு இழைக்கப்பட்ட தீங்கைப் பொறுக்காது சிலம்போடு அரசவை புகுந்தாள். பொறுமை என்பது உடையவன் தானே முன்வந்து அளிக்கும் கொடை. பிறன் கையிலிருந்து நாம் எடுத்து வழங்கக் கூடியதன்று. நாம் நம் வாழ்வில் பொறுத்தது நம் கொடை. மகளைப் பொறுக்கச் சொன்னதோ, பள்ளிக்குச் சென்று பேசும் சங்கடத்திலிருந்து நம்மைக் காத்துக்கொண்டது. அதற்குப் பொறுமை என்று பெயரிட்டது நம் பிழை.

மறுவாரம் அரைநாள் விடுப்பெடுத்துப் பள்ளிக்குச் சென்றோம். நம் இந்தியும் பழுதற்றதன்று. எனினும் எழுதிக் கொண்டுபோய்ப் படித்தோம். வகுப்பாசிரியை பொறுமையாகக் கேட்டார். இடங்கள் மாற்றப்பட்டன. ஒரு மாணவி வருத்தம் தெரிவித்தாள். மற்றொருத்தி இன்றுவரை தெரிவிக்கவில்லை. எல்லாம் நலமே முடிந்தது என்று கூறத் தொடர்க்கதை எழுதுகிறோமா என்ன? அன்று மாலை மகள் நம்மிடம் கேட்டது ஒன்றே: “இதுக்காக லீவு போட்டீங்களா அப்பா?” ஆம் என்றோம். அதன்பின் அவள் பள்ளிக்கதை மீண்டும் நம் உணவு வேளைக்குத் திரும்பிற்று.

மொழி விளங்காத நாட்டுப் பெண்ணுக்காக அழும் கண், அடுத்த அறையில் உள்ள குழந்தையைக் காணாது போதல் கூடும். திரையை அணைத்தபின் நம் வீட்டில் எவரேனும் பேச்சை நிறுத்திவிட்டனரா என்று நோக்குக. அவர் பொறுத்திருப்பது அவர் விருப்பாலா, கேட்பாரின்மையாலா என்பதை வினவி அறிதல் மூத்தோராகிய நம் கடன்.