அரை நூல்

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு உடம்பு என்று ஒன்று பெரிதாகத் தேவையில்லை. கம்பியின் அசைவைப் பிக்கப் என்ற காந்தச் சுருள் நேராகப் பிடித்துக்கொள்கிறது. ஒலியைப் பெருக்க மரப்பெட்டி வேண்டாம். 1940 வாக்கில் லெஸ் பால் இதைச் செய்தே காட்டினார். நாலங்குலச் சதுரமான பைன் கட்டை ஒன்றில் நெக், கம்பிகள், பிக்கப் எல்லாவற்றையும் பொருத்தி வாசித்தார். பார்த்தவர்களுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பிறகு ஒரு சாதாரணக் கிட்டாரை இரண்டாக அறுத்து, பாதிகளைக் கட்டையின் இருபுறமும் மாட்டிக்கொண்டு போனார். அப்போது ரசித்தார்கள் என்று பின்னாளில் அவரே சொல்லிவந்தார்.

மரவேலை தெரியாமல் முதல் கிட்டாரில் இறங்குகிறவர்களுக்கு இதை யாராவது சொல்லியே இருப்பார்கள். ஆனாலும் முக்கால்வாசி நேரம் உடம்புக்கே போகிறது. கொம்புகளின் வளைவு, உப்புத்தாள் போட்டுப் போட்டு வரும் வழவழப்பு, எந்த நிறம், எத்தனை பூச்சு. அதில் சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. பழைய மரக்கடையில் வாங்கிய தேக்கில் இழைப்புளி ஓட ஓட, கறுத்துப்போன பரப்புக்கு அடியிலிருந்து எண்ணெய் வாசனையோடு பொன்னிறம் வெளிப்படுவதைப் பார்த்தால் கை நிற்காது. வளைவு ஐந்து மி.மீ. தப்பினாலும், அது நம் பாணி என்று சொல்லிக்கொள்ளலாம்.

பாணி என்று சொல்லித் தப்பிக்க முடியாத இடம் ஃபிரெட், அதாவது நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகக் கட்டை. பெரும்பாலான ஃபெண்டர் கிட்டார்களில், நெக்கின் நுனியிலுள்ள நட்டிலிருந்து உடம்பின் மேலுள்ள பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. இதை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட்டின் இடம் கிடைக்கும்: 36.37 மி.மீ. மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுக்க, இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃபிரெட் சரிபாதியில், 324-ல் வந்து நிற்கும். லூட் வாசித்த வின்சென்சோ கலிலி, வானியலாளர் கலிலியோவின் அப்பா, 1581-ல் 18 என்ற எண்ணைச் சொன்னார். அந்தக் கணக்கில் பன்னிரண்டாவது ஃபிரெட் பாதியை எட்டாமல் இரண்டு மி.மீ.க்கும் மேல் முன்னாலேயே நின்றுவிடும். கணக்கு சரியாக இருந்தாலும் அளக்கும் விதத்தில் கெடலாம். முதலாவதிலிருந்து இரண்டாவதை, இரண்டாவதிலிருந்து மூன்றாவதை என்று அளந்துகொண்டே போனால் ஒவ்வொரு கோட்டின் பிசகும் அடுத்ததன் தலையில் ஏறும். எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும்.

நான் செய்துகொண்டிருக்கும் கிட்டாரின் நெக்கில் ஃபிரெட்டுக்குக் கோடு போட்டு, தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணனிடம் கொண்டுபோனேன். கோடுகளைப் பார்த்துவிட்டு, “அரை நூல் அப்படி இப்படி இருந்தா என்ன தம்பி?” என்றார். அங்குலத்துக்கு எட்டு நூல். அரை நூல் என்றால் ஒன்றரை மி.மீ. சொச்சம். கதவு நிலைக்கு அது சுத்தமான வேலை. பன்னிரண்டாவது ஃபிரெட்டை அவ்வளவு தள்ளி வைத்தால் அரைஸ்வரத்தில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு விலகும். தனி ஸ்வரமாக வாசித்தால் தப்பிக்கலாம், கார்டு பிடித்தால் காதில் உறுத்தும்.

“ஸ்ருதி சேராதுண்ணே.”

“அப்ப இது ஆசாரி வேல இல்ல, தட்டார் வேல” என்று சிரித்தபடி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு கண்ணை மூடி, நுனியிலிருந்து நெக்கின் நேர் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு வர இன்னும் பல வருஷம் ஆகும்.

வீணை செய்கிறவர்களுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. வீணையின் ஃபிரெட்டுகளான இருபத்துநாலு மெட்டுகளும் மெழுகில் உட்காருகின்றன. காதால் கேட்டு நகர்த்தி நிறுத்தலாம், நாளடைவில் விலகினால் மறுபடி அமைக்கலாம். கிட்டாரில் ரம்பம் போட்ட பள்ளம் போட்டதுதான்.

எங்கே கறாராக இருப்பது, எங்கே விட்டுக்கொடுப்பது என்பதைக் கிட்டாரில் ஒரு வகுத்தல் கணக்கு சொல்லிவிடுகிறது. வீட்டில் யார் சொல்வது? எங்கள் குடும்பக் கல்யாணம் ஒன்றில், பத்திரிகையில் யார் பெயருக்குப் பின் யார் பெயர் என்று பெரியவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் எந்த ஊரில் இருக்கப்போகிறார்கள், யார் வேலையை விடுவது என்ற பேச்சு காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பத்திரிகை அழகாகத்தான் வந்தது. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். கொம்பைத் தேய்த்தால் பலன் அப்போதே கண்ணில் தெரியும். ஃபிரெட்டின் பலன் கம்பி கட்டிய பிறகுதான் கேட்கும்.

கறாரையும் தாராளத்தையும் அதனதன் இடத்தில் வைத்தவர்கள் என்று எனக்குத் தோன்றுவது குயீன் குழுவின் பிரையன் மேயும் அவர் அப்பா ஹரால்டும். 1963-ல் ஆரம்பித்து ‘ரெட் ஸ்பெஷல்’ கிட்டாரை வீட்டிலேயே செய்தார்கள். நெக்குக்குப் பழைய கணப்படுப்பின் மஹாகனிப் பலகை. பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். நெக்கின் அடையாளப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். கம்பிகளைத் தளர்த்தி ஸ்வரத்தை அசைக்கும் ட்ரெமலோவுக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். இங்கெல்லாம் கிடைத்ததே போதும் என்றிருந்தவர்கள், அந்த ட்ரெமலோவைக் கத்திமுனை மேல் ஆட வைத்தார்கள். உராய்வு குறைந்தால்தான் கம்பி ஸ்ருதிக்குத் திரும்பும். 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரைமேல் நின்று மே வாசித்தது அதே கிட்டாரைத்தான். கூடவே உட்கார்ந்து மரம் இழைத்த அந்த அப்பா, மகன் வானியல் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுப் பாட்டுக்குப் போனபோது மிகவும் வருந்தினார். செய்து கொடுக்கலாம், அதை வைத்தே பிழைக்கப் போகிறேன் என்றால்தான் கஷ்டம். நம்மூர் அப்பாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் கிட்டாரின் கீழ்க்கொம்பு மேல்கொம்பைவிடச் சற்றுத் தடிப்பு. மனைவி போகும்போதும் வரும்போதும் சொல்லிக்காட்டுகிறாள். தொடப்போவதில்லை. பிரிட்ஜில் ஆறு கம்பிக்கும் அவற்றைத் தாங்கும் ஆறு சேடில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் திருகாணியால் முன்னும் பின்னும் நகர்த்தி, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தும் ஸ்வரமும் அங்கேயே லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒன்றாகும்வரை பார்க்க வேண்டும். மூணாவது கம்பி இன்னும் அடங்கவில்லை. இந்த ஞாயிறு அதற்குத்தான்.