முன்னோர் கதையை எழுதுங்கள், உண்மையாக எழுதுங்கள்



இன்று ஜூலை 26. அன்னை மரியாவின் பெற்றோர் புனித சுவக்கின், புனித அன்னம்மாள் திருநாள். நம் ஆண்டவருக்குத் தாத்தா பாட்டியான இவர்களுடைய பெயர் நான்கு நற்செய்திகளிலும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, யாக்கோபின் முதல் நற்செய்தி எனப்படும் நூலில்தான் இவர்கள் கதை வருகிறது. திருச்சபை அந்த நூலைத் திருவிவிலியத்தில் சேர்க்கவில்லை. ஆனால் இந்தப் பெயர்களைக் கைவிடவும் இல்லை. பழைய குடும்பக் கதையை யாரோ ஒருவர் எழுதி வைத்ததால்தான் இன்று இவர்களைப் பெயர் சொல்லி வேண்டுகிறோம்.

ஆகவே இன்று, பணி ஓய்வு பெற்ற பெரியவர்களே, உங்களிடம் பேச விரும்புகிறேன். உங்களில் சிலருக்கு, குடும்பத்துப் பழைய கதையை நாவலாக எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை இருக்கிறது. "இந்த வயதில் எதற்கு?" என்று அதை நீங்களே அடக்கி விடுகிறீர்கள். அடக்காதீர்கள். அது கடவுள் தரும் அழைப்பாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவில் அலெக்ஸ் ஹேலி என்றொருவர் இருந்தார். டென்னசி மாநிலத்தின் ஹென்னிங் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட முன்னோர் ஒருவரைப் பற்றிப் பாட்டி வீட்டு வராந்தாவில் சொல்லக் கேட்டார். கடலோரக் காவல்படையில் 20 ஆண்டுகள் வேலை பார்த்து 1959இல் ஓய்வு பெற்ற பிறகே எழுத்தை முழுநேரப் பணியாக்கினார். பழைய மக்கள்தொகைக் கணக்குகளிலும் கப்பல் ஆவணங்களிலும் தேடினார். காம்பியா நாட்டின் ஜுஃபூரே கிராமம் வரை சென்றார். 1976இல் அவர் எழுதிய 'ரூட்ஸ்' நூல் வெளிவந்தது. மறு ஆண்டே அது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அதைப் பார்த்துப் பலர் தங்கள் முன்னோரைத் தேடத் தொடங்கினார்கள். விலைக்கு விற்கப்பட்ட மனிதருக்கும் பெயர் உண்டு, மாண்பு உண்டு என்பதை ஒரு பேரன் உலகத்துக்குச் சொன்னார்.

அவரிடம் கற்க வேண்டிய இன்னொரு பாடமும் உண்டு. வேறோர் எழுத்தாளரின் நாவலிலிருந்து சில பகுதிகள் 'ரூட்ஸ்' நூலில் இடம்பெற்றதாக வழக்கு வந்தது. ஹேலி அதை ஒப்புக்கொள்ள, 1978இல் சமரசமாக முடிந்தது. அவர் காட்டிய வம்சாவளியின் சில கண்ணிகளுக்கு ஆவணச் சான்று இல்லை என்று ஆய்வாளர்களும் எடுத்துக்காட்டினார்கள். கற்பனை பாவமல்ல. ஆண்டவரே உவமைகளைப் புனைந்து சொன்னவர்தாம். கற்பனையை நடந்த செய்தி என்று சாதிப்பதுதான் பொய். ஆகவே உங்கள் நாவலின் முன்னுரையில் சொல்லிவிடுங்கள்: ஆவணத்தில் கண்டது எது, பாட்டி சொன்னது எது, நீங்கள் புனைந்தது எது.

நற்செய்தியாளர் லூக்காவைப் பாருங்கள். நேரில் கண்டவர்கள் ஒப்படைத்தவற்றைத் தொடக்கத்திலிருந்து கருத்தாய் ஆராய்ந்த பிறகே தியோபிலுக்கு எழுதுகிறார். நீங்களும் ஆராய்ந்து எழுதுங்கள். திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்று 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் பணித்தது. அந்தப் பதிவேடுகளில் உங்கள் பாட்டனின் பெற்றோர், ஞானத்தாய், ஞானத்தந்தை, மணநாள் எல்லாம் கிடைக்கக்கூடும். இலத்தீனில் எழுதியிருந்தால் தயங்காமல் என்னிடம் வாருங்கள், சேர்ந்து படிப்போம். வீட்டில் கிடக்கும் கிரயப் பத்திரத்தையும் கல்லறைக் கல்லில் வெட்டிய தேதியையும் கூட விட்டுவிடாதீர்கள்.

அன்பர்களே, மிக முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். நம் நாட்டில் குடும்ப வரலாறு எழுதப் புகுந்தால் அது சாதிப் பெருமையில் போய் முடியும் ஆபத்து இருக்கிறது. 'ஆண்ட பரம்பரை' என்று மார்தட்டத் தூண்டும். இயேசுவின் வம்சாவளியை மத்தேயு அப்படி எழுதவில்லை. அரசர் வழியைச் சொல்லும் அதே பட்டியலில் தாமாரையும், எரிகோவின் விலைமகள் இராகாபையும், மோவாபியப் பெண் ரூத்தையும், உரியாவின் மனைவியையும் சேர்த்தார். தாவீதின் குற்றத்தையும் மறைக்கவில்லை. மீட்பர் அந்தக் குடும்பத்தில்தான் பிறந்தார்.

எனவே உங்கள் முன்னோர் பட்ட அவமானத்தை எழுதுங்கள். அவர்கள் பிறருக்குச் செய்த அநீதியையும் எழுதுங்கள். பெயர் மறந்துபோன பெண்களைத் தேடி எழுதுங்கள். உங்கள் குடும்பத்து வயலில் கூலிக்கு உழைத்தவர்களையும் எழுதுங்கள். இறந்தோருக்கு நாம் செய்யும் அன்புப் பணிகளில் இதுவும் ஒன்று.

இளையோரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் தாத்தா பாட்டி அருகில் உட்காருங்கள். அவர்கள் பேசுவதை செல்போனில் பதிவு செய்யுங்கள். அவர்கள் எழுத நினைத்தால் தட்டச்சு செய்து கொடுங்கள். பெரியவர்களே, முதல் பக்கத்தை இன்றிரவே எழுதத் தொடங்குங்கள்.

புனித சுவக்கினும் அன்னம்மாளும் நமக்காக மன்றாடுவார்களாக. ஆமென்.