கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே

ஒரு நிலத்தை வேலியால் வளைத்து, அதைத் தன்னுடையது என்று சொல்லி, பிறரையும் நம்பவைத்த மனிதனிலிருந்து சிவில் சமூகம் தொடங்குவதாக ரூசோ 1755இல் எழுதினார். அந்த வேலியில் எத்தனை வரி கம்பி என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

ராதாபுரம், நாங்குநேரி பக்கத்து மானாவாரி நிலங்களில் கல்லுக்கால் ஊன்றி முள்கம்பி இழுக்கிறார்கள். ஏழடிக் கல்லில் ஒன்றரை, இரண்டடி மண்ணுக்குள் போய்விடும். காலுக்குக் கால் எட்டிலிருந்து பத்தடி. மூலைக்கல்லுக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும், மொத்த இழுவையும் அதன் தலையில்தான். காலை இன்னும் அகலமாக ஊன்றினால் செலவு மிச்சம்தான். ஆனால் நடுவில் கம்பி தொய்யும், அந்தத் தொய்வை ஆடு கண்டுபிடித்துவிடும்.

வரிகளுக்குச் சம இடைவெளி விடுவதில்லை. கீழே நாலைந்து அங்குலம், மேலே போகப்போக அகலம். மாட்டுக்கு நாலு வரி போதும், அது நெஞ்சால் தள்ளுகிற பிராணி. ஆடு குனிந்து நுழையும். வேலி கட்டுகிற பெரியவர் ஒருவர் சொன்னார்: “தலை போயிட்டுன்னா உடம்பு தானா போயிரும் தம்பி. ஆட்டுக்குத் தலைதான் அளவு.”

அப்படியென்றால் வேலி என்பது சுவர் இல்லை, சல்லடை. அதன் ஒவ்வொரு இடைவெளியும் யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்ற ஒரு முடிவு. சாஃப்ட்வேர் வேலையில் தினமும் செய்வது இதைத்தான். வடிகட்டியை இறுக்கினால் நல்லவர்களும் வெளியே நிற்பார்கள், தளர்த்தினால் திருடனும் உள்ளே வருவான். இரண்டு தவறும் இல்லாத வடிகட்டி கிடையாது. எந்தத் தவறைப் பொறுத்துக்கொள்வது என்று மட்டுமே தேர்வு செய்யலாம். கம்பியை நெருக்கிக் கட்டினால் பயிர் பிழைக்கும், குட்டியின் கழுத்து மாட்டும். அகலமாக விட்டால் குட்டி பிழைக்கும், உளுந்து போகும்.

சரி, வேலி போடும் கடமை யாருடையது? 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைக்கலாம். உடையவர் அபராதம் கட்டி மீட்க வேண்டும். அதாவது, மாட்டைக் கட்டுப்படுத்துவது மாட்டுக்காரர் பொறுப்பு. அதே காலத்து அமெரிக்க மேற்கில் பல இடங்களில் நேர்மாறு. மாடு திரியும், பயிர் வேண்டுமென்றால் நீ வேலி போட்டுக்கொள். மரமே இல்லாத அந்தச் சமவெளியில் எதை வைத்துப் போடுவது? 1874இல் கிளிடன் காப்புரிமை பெற்ற முள்கம்பி அந்தச் சிக்கலைத் தீர்த்தது, திறந்த மேய்ச்சலையும் கூடவே முடித்துவைத்தது.

தாமிரபரணி வயல்களில் மூன்றாவதாக ஒரு பதில் இருந்தது, இன்றும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. நெல் வயலுக்கு வரப்புதான் எல்லை. பயிர் நிற்கும்போது ஆடு உள்ளே வந்தால் சண்டை. பிசான அறுவடை முடிந்ததும் அதே ஆட்டைக் கூப்பிட்டுக் கிடை போடச் சொல்வார்கள். புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும் கீதாரிக்குக் கூலி கொடுப்பார்கள். ஆடு மாறவில்லை, மாதம்தான் மாறியது. கல்லுக்காலுக்கு மாதம் தெரியாது.

மலையடிவாரத்துக்குப் போனால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டிய கடையம், பாபநாசம் பக்கம் பிரச்சினை ஆடு இல்லை, பன்றியும் யானையும். அங்கே சோலார் வேலி. முறையான கருவி ஒரு அதிர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது ஒரு விநாடி விட வேண்டும். அந்த ஒரு விநாடியில்தான் விலங்கு பின்வாங்குகிறது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொக்கி போட்டால் அந்த விநாடி இல்லை. தசை இறுகிவிடும், விட நினைத்தாலும் விடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பன்றிக்காக வைத்த அப்படியொரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. குட்டிகள் இரண்டு மிஞ்சின. அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவுசெய்யும் விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது.

பன்றியால் ஒரு ராத்திரியில் வாழைத் தோட்டத்தை இழந்தவரிடம் போய்க் கருணை பேச எனக்கு வாய் வராது. அவர் வேலி போடத்தான் வேண்டும். ஆனால் தடுப்பதற்கும் கொல்வதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு விநாடிதான். எதிரில் நிற்பது திரும்பிப் போக வழி விடுகிறதா என்பதே வேலியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி, உள்ளே என்ன இருக்கிறது? முன்பு பனைமட்டை வேலியும் உடைமுள் வேலியும் ஒன்றிரண்டு வருஷத்தில் உளுத்துப்போகும். திரும்பக் கட்டுவதற்கு முன், இந்த வருஷம் விதைக்கிறோமா, வேலி தேவையா என்று ஒருமுறையாவது யோசித்தாக வேண்டும். கல்லுக்கால் அந்த யோசனையை நமக்கு மிச்சப்படுத்துகிறது. வள்ளியூர் பக்கம் வெளியூர்க்காரர்கள் வாங்கிப்போட்ட மனைகளைப் பார்க்கிறேன். ஏழு வரி கம்பி, கீழ்வரிகள் ஆட்டுத் தலை நுழையாத நெருக்கம், கச்சிதமான வேலை. உள்ளே விதைப்பு இல்லை, வீடு இல்லை. முழங்கால் உயரத்துக்குப் புல் காய்ந்து நிற்கிறது, ஆடுகள் சாலையோரமாகச் சுற்றிப் போகின்றன.