பயன் தராத உயிருக்குப் பணிவிடை

உயிர்க்கொலையினின்று நீங்கியிருத்தலைப் பஞ்சசீலத்தின் முதற்சீலமாக நாம் நாள்தோறும் ஓதுகின்றோம். ஓதுவது எளிது. வீட்டில் ஒரு சிற்றுயிர் நோயுற்றுக் கிடக்கும்போது அச்சீலம் நம்மிடம் கேட்பது யாது என்று ஆராய்வது அத்துணை எளிதன்று. சென்ற கோடையில், பெங்களூர் அல்சூர் ஏரிக்கு அருகேயுள்ள நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்று இவ்வாராய்ச்சிக்கு நம்மைத் தூண்டிற்று. அதனை அன்பர்கள்முன் வைக்கின்றோம்.

நம் தமக்கையாரின் மகன் கல்லூரி மாணவன். அவன் கண்ணாடித் தொட்டியொன்றில் ஆக்சலாட்டில் என்னும் நீர்வாழ் உயிரை வாங்கி வளர்த்து வந்தான். பார்வைக்கு மீன்போலத் தோன்றினும் அது மீன் அன்று. தவளைக்கு உறவான சாலமாண்டர் இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்துள் பல, வளர்ந்தபின் செவுளை இழந்து கரையேறும். இதுவோ இளமைப் பருவத்துச் செவுள்களோடே வாழ்நாள் முழுதும் நீரில் இருந்துவிடும். தலையின் இருபுறமும் மும்மூன்று செவுட்கிளைகள் இறகுபோல் விரிந்திருக்கும். அறுந்த காலை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் ஆற்றல் இதற்கு உண்டு. 2018-இல் வெளியான இதன் மரபணுத் தொகுதி, மனிதனுடையதினும் ஏறத்தாழப் பத்து மடங்கு பெரிது.

இதன் தாயகம் மெக்சிகோ நகரத்தை அடுத்த சோச்சிமில்கோ நீர்நிலைகள். 1863-64 ஆம் ஆண்டுகளில் 34 உயிர்கள் அங்கிருந்து பாரிஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இன்று உலகமெங்கும் தொட்டிகளில் வாழ்வனவற்றுள் பெரும்பாலானவை அவற்றின் வழிவந்தவையே. குளிர்ந்த நீரே இதற்கு வாழ்வு. 16 முதல் 18 பாகை வெப்பம் ஏற்றது. 24 பாகையைக் கடந்தால் உடல் தளர்ந்து நோய் பற்றும். பெங்களூரைக் குளிர்ந்த ஊர் என்று நாம் பெருமை பேசுகின்றோம். ஆயினும் 2016 ஏப்ரல் 24 அன்று இவ்வூர் 39.2 பாகை வெப்பம் கண்டது. கோடையில் நம் கூடத்து நீர் தானாகவே 27 பாகையை எட்டிவிடுகின்றது.

ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் அவ்வுயிர் உணவை மறுத்தது. செவுள்கள் முன்னோக்கி வளைந்தன. வாலின் நுனி சுருண்டது. செவுட்கிளையொன்றில் பஞ்சுபோன்ற வெண்பூஞ்சை படர்ந்தது. ஆனால் முகத்தைப் பார்த்தோர் அனைவரும், "நன்றாகத்தானே இருக்கின்றது, சிரிக்கின்றதே!" என்றனர். அதன் வாயின் அமைப்பே அத்தகையது. நலமுற்றிருந்தாலும் நோயுற்றிருந்தாலும் அதன் முகம் புன்னகை பூத்ததுபோலவே தோன்றும். துன்பத்தின் அடையாளம் முகத்தில் இல்லை. செவுளிலும் வாலிலும் இருந்தது. அதனை அறிந்தவன் அருகிருந்து நாள்தோறும் பார்த்த சிறுவன் ஒருவனே.

அவ்வாரம் வீட்டிற்கு வந்தோர் மூவகையான யோசனை கூறினர். ஒருவர், ஏரியில் விட்டுவிடுங்கள், உயிர்விடுதலை புண்ணியம் என்றார். மற்றொருவர், துன்புறுவதை ஏன் நீட்டிக்கவேண்டும், உறைபெட்டியில் வைத்து முடித்துவிடுங்கள், அதுவே கருணை என்றார். இன்னொருவர், மீனையொத்த ஒன்றுக்காக இரவெல்லாம் விழித்திருப்பது அறிவன்று என்றார். இவற்றையெல்லாம் கேட்டிருந்த மருமகன் நான்காவதாக ஒன்று கேட்டான்: "மாமா, கொல்லமாட்டோம் என்று சீலம் எடுக்கின்றோம். இதைப் பிழைக்க வைத்தால் தினமும் மண்புழுவைத்தானே கொடுக்கவேண்டும்? ஓர் உயிருக்காகப் பல உயிர்களைக் கொல்வது எப்படிச் சீலமாகும்?"

இந்நான்கினையும் முறையே ஆராய்வோம்.

முதலாவது, ஏரியில் விடுதல். விடுதலை என்னும் சொல் இனியது. ஆனால் எங்கே விடுகின்றோம் என்பதைப் பாராத விடுதலை, கைகழுவுதலேயன்றி வேறன்று. நம் அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் ஒருங்கே செத்து மிதந்ததை இவ்வூரார் மறந்திலர். உள்ளூர் மீனுக்கே உயிர்ப்பு அரிதான நீரில், குளிர்நாட்டு உயிர் என் செய்யும்? மேலும் சோச்சிமில்கோவின் கதையையே நோக்குக. மக்களுக்கு உணவு பெருகவேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் அங்கு அயல்மீன்களாகிய கெண்டையும் திலாப்பியாவும் விடப்பட்டன. அவை பெருகி ஆக்சலாட்டிலின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. நகரத்துக் கழிவுநீரும் சேர்ந்தது. 1998-இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6000 என மதிப்பிடப்பட்ட இவ்வினம், 2014-இல் 36 ஆகச் சுருங்கியது. தன் தாயகத்தில் இவ்வுயிர் அழிந்ததற்கு ஒரு பெருங்காரணம், யாரோ நல்லெண்ணத்தோடு எதையோ நீரில் விட்டதே. அத்தவற்றை அதனைக் கொண்டே நாம் இங்குச் செய்வது தகுமோ?

இரண்டாவது, கருணையால் கொல்லுதல். இது பழைய வினா. விநயத்தில், நோயுற்ற பிக்கு ஒருவரிடம் இரக்கங்கொண்ட பிக்குகள் மரணத்தின் சிறப்பை எடுத்துக்கூறி அவரைச் சாவுக்குத் தூண்டிய நிகழ்ச்சி சொல்லப்படுகின்றது. அவர்கள் நெஞ்சில் பகை இல்லை, இரக்கமே இருந்தது. ஆயினும் பகவன் அதனைப் பெருங்குற்றம் என்றே விதித்தார். அது மனிதரைப் பற்றியது; விலங்கைக் கொல்லுதல் அதனிற் சிறிய குற்றமாகவே அங்கு வகுக்கப்பட்டுள்ளது. எனினும் இரண்டிலும் ஆராயவேண்டிய மனம் ஒன்றே. அத்துன்பம் முடியவேண்டும் என்று நாம் கூறும்போது, முடியவேண்டுவது எவருடைய துன்பம்? நோயாளியினுடையதா, பார்த்திருந்து சலித்த நம்முடையதா? இரவு இரண்டு மணிக்குப் பனிக்கட்டி மாற்ற எழுந்தபோது, இது முடிந்துவிட்டால் நன்று என்னும் எண்ணம் நமக்கும் தோன்றிற்று. அதனை மறைக்க விரும்புகிலோம். அவ்வெண்ணம் கருணையின் உடையை உடுத்தி வந்தது. உற்று நோக்கியபோது அஃது உறக்கத்தின் ஆசை என்று விளங்கிற்று. உறைபெட்டியில் மெல்ல மெல்ல உறையவைப்பது நோவற்ற சாவும் அன்று. எல்லா மருத்துவமும் செய்தபின், மீளாத நோவில் துடிக்கும் விலங்குக்கு மருத்துவர் சொற்படி முடிவு தந்தோரை நாம் பழிக்கமாட்டோம். ஆனால் மருத்துவமே செய்யாமல் முடிவைத் தேடுவதைக் கருணை என அழைக்கவும் மாட்டோம்.

மூன்றாவது, மருமகனின் வினா. இதற்கு முற்றும் நிறைவான விடை நம்மிடம் இல்லை என்று முதலிலேயே ஒப்புகின்றோம். அசோக மாமன்னர் முடிசூடி 26 ஆண்டுகள் கழிந்தபின் பொறித்த ஐந்தாம் தூண்சாசனத்தில், ஓர் உயிரைக்கொண்டு இன்னோர் உயிரை ஊட்டுதல் கூடாது என்று விதித்தார். இருபத்துமூன்று நூற்றாண்டுகட்கு முன்னரே நம் மருமகனின் வினா அம்மன்னரின் நெஞ்சில் எழுந்திருக்கின்றது! அரிசி உருண்டை தின்னும் மீனைப்போன்றதன்று ஆக்சலாட்டில். அதன் உடல் ஊனுணவுக்கே அமைந்தது. கடையில் விற்கும் உலருணவு உருண்டைகளை அது ஏற்கும். ஆனால் அவ்வுருண்டையும் மீன்தூளால் ஆனதே. கொலை நம் கண்முன் நிகழாது என்பதன்றிக் கொலை இல்லை என்பதில்லை.

எனவே நாம் கண்ட முடிவு இது. நம் பொறுப்பு, புழுவை எடுக்கும்போது தொடங்கவில்லை. கடையில் பணம் கொடுத்தபோதே தொடங்கிவிட்டது. ஊனுண்ணும் உயிரை விருப்பத்துக்காக வாங்குகின்றவன், அது வாழும் பத்துப் பதினைந்து ஆண்டுகட்கும் உரிய கொலைகளில் பங்குகொள்கின்றான். இனி வாங்காதிருப்பதே சீலம். ஆனால் வாங்கியதனைப் பட்டினியிட்டுக் கொல்வது, முதற்குற்றத்தின்மேல் இரண்டாம் குற்றமாகும். இருப்பதனைத் தேவையான அளவே ஊட்டி, உயிருள்ள புழுவைத் தவிர்த்து, குற்றத்தின் எச்சத்தைப் பொய்ச்சமாதானமின்றிச் சுமப்பதே நேர்மை. மருமகன் இவ்விடையைக் கேட்டு நெடுநேரம் பேசாதிருந்தான். இனி வேறொன்று வாங்கமாட்டேன் என்று பின்னர் அவனே கூறினான்.

நான்காவதாக எஞ்சியது, மீனையொத்த ஒன்றுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்பது. இதுவே இவற்றுள் மிக ஆழமானது. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் வேள்விப் பசுவை மீட்ட வரலாற்றை நாம் அறிவோம். பசு பால் தருவது. அதற்கு இரங்க மனம் எளிதில் இசையும். நாய் வாலாட்டும், கிளி பேசும். ஆக்சலாட்டில் நமக்கு எதுவும் தருவதில்லை. நம்மை அறிகின்றதோ என்பதும் ஐயமே. அதன் புன்னகையும் நமக்காக அன்று.

இங்கு விநயத்தின் இன்னொரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகின்றது. வயிற்று நோயால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவன் கண்டார். ஆனந்தரை நீர் கொணரச் செய்து, தம் கைகளாலேயே நீராட்டிப் படுக்கையில் கிடத்தினார். பிறகு மற்றப் பிக்குகளை அழைத்து, இவரை ஏன் கவனிக்கவில்லை என வினவினார். இவர் எங்களுக்கு ஒரு பணியும் செய்பவரல்லர் என்பதே அவர்கள் கூறிய காரணம். நோயுற்றோரைப் பேணுதல் தம்மைப் பேணுதலாகும் என்று பகவன் அவர்களுக்குப் போதித்தது அப்போதுதான். அவர் தம் மறுமொழியில், அந்நோயாளி பயனுள்ளவர் என்று வாதாடவில்லை. பயன் என்னும் அளவுகோலையே விலக்கினார். பயனைக்கொண்டு உயிரின் மதிப்பை அளக்கும் வழக்கம் ஒரு சமூகத்தில் எங்குக் கொண்டுபோய் விடும் என்பதை, நம் பெற்றோரும் பாட்டன்மாரும் தம் உடலில் அறிந்தவர்கள். அவ்வளவுகோலை நாமே ஏந்துவது நமக்கு அழகன்று.

நாம் செய்த பணிவிடை பெரிதன்று. அதனைச் சிறு பாத்திரத்துக்கு மாற்றினோம். அதன் கழிவிலிருந்து எழும் அமோனியா அதற்கே நஞ்சு. ஆதலின் நாள்தோறும் நீரை மாற்றினோம். குழாய்நீரின் குளோரின் அதன் மெல்லிய தோலையும் செவுளையும் எரிக்கும்; ஆதலின் முதல்நாளே நீரைப் பிடித்துக் குளோரின் நீக்கும் துளிகளை இட்டு வைத்தோம். பனிக்கட்டியாய் உறைந்த நீர்க்குப்பிகளை முறைவைத்து மிதக்கவிட்டு 17 பாகையைக் காத்தோம். மீனுக்குரிய மருந்துகளுட் சில இதன் தோல்வழி ஊறிக் கேடு செய்யுமாதலால் நாமாக எதனையும் இடவில்லை. மருத்துவர் கூறிய அளவில் உப்புநீரில் சிறிது நேரம் வைத்தெடுத்தோம். சர்வதேச வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இத்தகைய உயிர்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவுசெய்ய வேண்டும் என 2024-இல் மத்திய அரசு வகுத்த விதி இருப்பதையும் அப்போதுதான் அறிந்தோம், அதனையும் நிறைவேற்றினோம்.

பன்னிரண்டாம் நாள் பூஞ்சை உதிர்ந்தது. பதினைந்தாம் நாள் ஓர் உணவு உருண்டையை விழுங்கிற்று. செவுள் இழந்த இடத்தில் இப்போது சிவந்த துளிர்கள் தோன்றியுள்ளன. அது பிழைத்ததனால்தான் நாம் செய்தது சரி என்று அன்பர்கள் கருதவேண்டா. பன்னிரண்டாம் நாள் அது இறந்திருப்பினும், நாம் செய்திருக்க வேண்டியது இதுவே.

மருமகன் இன்றும் காலையில் தொட்டியண்டை சென்றதும் முகத்தைப் பார்ப்பதில்லை. செவுளையும் வாலையும் பார்க்கின்றான். சிரித்த முகத்தோடு துன்புறுவோர் நம் தெருவிலும் உளர், நம் இல்லத்திலும் உளர். அவர்களையும் அவ்வாறே பார்க்கக் கற்போமாக.