அந்தச் சூடு யார் வீட்டுக்குப் போகிறது?

கணினியைக் குளிர்விக்கிறோம் என்று பேச்சுக்குச் சொல்கிறோம். எந்த விசிறியும் சூட்டை இல்லாமல் ஆக்கிவிடாது. சிப்பில் பிறக்கும் சூடு செம்புக் குழாய் வழியாக அலுமினியத் தகடுகளுக்கு ஏறுகிறது. விசிறி அதைக் கேபினெட்டுக்கு வெளியே தள்ளுகிறது. அங்கிருந்து அறைக்கு வருகிறது. அறையிலிருந்து எங்கே போகிறது? இயற்பியல் படித்தவர்கள் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கும் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை.

எனக்குச் சேலம் அம்மாப்பேட்டையில் வீடு. வேலை நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் கணக்கு எழுதுவது. பகல் முழுக்க வெல்டிங் வெளிச்சமும் தகரம் தட்டும் சத்தமும். ராசிபுரம் வழியாக பஸ் பிடித்து வீடு வந்து, சாப்பிட்டு, இரவில் ஒன்றிரண்டு மணி நேரம் கேம் விளையாடுவேன். அது எனக்குப் பிடித்த நேரம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. முதலில் வைத்திருந்த கிராபிக்ஸ் கார்டு ஜி.டி.எக்ஸ். 1650. அது 75 வாட்டில் ஓடுவது. அதை மாற்றி ஆர்.டி.எக்ஸ். 3060 போட்டேன். அதற்கு 170 வாட். பிராசஸர், போர்டு, திரை எல்லாம் சேர்ந்தால் விளையாடும்போது சுமார் 300 வாட் இழுக்கிறது. அந்த மின்சாரம் கடைசியில் முழுக்கவே சூடாகத்தான் அறைக்குள் இறங்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் சூட்டை வெளிவிடும் என்பார்கள். அப்படியென்றால் சித்திரை மாதத்தில், பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரைக்குக் கீழே, என்னோடு இன்னும் மூன்று பேர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

கோடை தொடங்கும்போது கேபினெட்டைக் கழற்றித் துடைப்பது என் வழக்கம். எங்கள் தெருவில் அது சாதாரணத் தூசி இல்லை. தறி ஓடும் தெரு என்பதால் நூலிலிருந்து பறக்கும் பஞ்சு காற்றோடு வந்து ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே மெத்தைபோலப் படிந்துவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாக இழுத்தால் முழுசாக உரிந்து வரும், சாம்பல் நிறத்தில், ஓரத்தில் ஊதாச் சாயம் ஏறிய இழைகளோடு. பிறகு பிராசஸரின் மேலே காய்ந்து இறுகிய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, நடுவில் அரிசி அளவுக்குப் புதுப் பேஸ்ட் வைத்து, ஹீட்சிங்கை மேலே வைத்துக் குறுக்குக் குறுக்காகத் திருகி இறுக்கவேண்டும். இதைச் செய்தாலே பத்து டிகிரிக்கு மேல் இறங்கும். அந்தப் பஞ்சைக் கையில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்: தறி ஓட்டுபவர்கள் வீட்டு இழை என் பெட்டிக்குள் வருகிறது, என் பெட்டியின் சூடு அவர்கள் வீட்டுக்குப் போகிறது.

போகத்தான் போகிறது. போன கோடையில் அறைக்கு ஒரு டன் ஏ.சி. மாட்ட ஆள் வந்தார். அவுட்டோர் யூனிட்டை எங்கே வைப்பது என்று கேட்டார். "சந்துப் பக்கம் வெச்சா பைப்பு மிச்சம்ண்ணா. மாடிக்குன்னா தனியாக் காசாகும்." சந்துக்கு எதிரே பக்கத்து வீட்டு ஜன்னல். அந்த ஜன்னலோரம்தான் பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றுவார். அவர்கள் வீட்டில் ஏ.சி. கிடையாது. தறி ஓடும்போது மின்விசிறிகூடப் போடமாட்டார்கள், இழை கலைந்துவிடும். ஒரு டன் ஏ.சி. என்பது அறையிலிருந்து சுமார் 3.5 கிலோவாட் சூட்டை எடுத்து வெளியே வீசும் எந்திரம். அதற்காகத் தான் தின்னும் ஒரு கிலோவாட் அளவு மின்சாரத்தையும் சூடாக்கி அதோடு சேர்த்தே வீசும். ஆக, உள்ளே குறைவதைவிட வெளியே கூடுவது எப்போதும் அதிகம். நான் இதமாக உட்கார அந்த அக்கா கூடுதலாக வேகவேண்டும். மாடியிலேயே வையுங்கள் என்றேன்.

மாடியில் வைத்தாலும் கேள்வி தீர்ந்துவிடவில்லை. அந்தச் சூடும் சேலத்துக்குள்தான் கலக்கிறது. ஜருகுமலை, நகரமலை, கஞ்சமலை, சேர்வராயன் என்று சுற்றிலும் மலை நிற்கும் ஊர் இது. மின்சாரம் பிறக்கும் இடத்திலும் இதே கதைதான். நம் மாவட்டத்திலேயே மேட்டூரில் அனல்மின் நிலையம் இருக்கிறது. பழைய நான்கு அலகுகள் தலா 210 மெகாவாட், புதியது 600. நிலக்கரி எரியும் சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகிறது. மிச்சம் காற்றுக்கும் தண்ணீருக்கும் போகிறது. இரவு பத்து மணிக்கு நான் விளையாட, எங்கோ ஒரு கொதிகலன் முன்னால் ஒருவர் வியர்வையோடு நிற்கிறார்.

கணக்குப் போடுவதே சூடு இல்லாமல் நடக்காதா? நடக்காது என்கிறது அறிவியல். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ரோல்ஃப் லாண்டவர் 1961-ல் சொன்னது: ஒரு துளி தகவலை அழித்தால்கூட அதற்குரிய சூடு வெளியே போயே தீரும். மிக மிகச் சிறிய அளவுதான். ஆனால் பூஜ்யம் இல்லை. 2012-ல் ஆய்வகத்தில் அளந்தும் காட்டிவிட்டார்கள். நம் சிப்புகள் அந்தக் குறைந்தபட்சத்தைவிடப் பன்மடங்கு அதிகமாகச் சுடுகின்றன. திரையில் ஒரு வினாடிக்கு 60 படம் வரைந்து வரைந்து அழிக்கிறோம். செய்த காரியம் தடமில்லாமல் போகாது என்று நம் வினைக் கொள்கை சொல்வதற்கு இவ்வளவு நெருக்கமான அறிவியல் விதி வேறொன்றை நான் கண்டதில்லை.

அப்படியானால் யாராவது சுமந்தே ஆகவேண்டும். யார் சுமப்பது? இதற்குப் பதில் எங்கள் ஊர் மாரியிடம் இருக்கிறது என்று நம்புகிறேன்.

ஒரு வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வீட்டுக்குள் தாளிக்கமாட்டார்கள். யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள், யாரையும் உள்ளே விடமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை இதுதான். வந்த சூடு இந்த வாசற்படியைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது என்பதற்கான காவல் அந்த வேப்பிலை. சமயபுரம் மாரியம்மன் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பச்சைப் பட்டினி இருக்கிறாள். துள்ளுமாவு, இளநீர், பானகம் போன்றவைதான் நைவேத்தியம். பக்தர்களுக்காகச் சாமியே விரதம் இருக்கிறது. சிவன் கோவிலில் அக்னி நட்சத்திரத்தில் லிங்கத்தின் மேலே தாராபாத்திரம் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பாற்கடலைக் கடைந்தது தேவரும் அசுரரும், எழுந்த விஷத்தின் சூட்டைக் கழுத்தில் நிறுத்திக்கொண்டது சிவன். துப்பியிருந்தால் ஊர் எரிந்திருக்கும்.

ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் எட்டுப் பேட்டையிலும் திருவிழாதான். மஞ்சள் துணியை ஈரத்தோடு கட்டி, இரண்டு உள்ளங்கையிலும் கனமாக வேப்பிலை பரப்பி, அதன்மேல் சட்டியை வாங்கிக்கொள்வேன். முதல் தெரு வரை இலையின் ஈரம் தாங்கும். பிறகு இலை வதங்கி வாசனை மாறும்போது சூடு தோலுக்கு வந்து சேரும். சட்டியை இன்னொருவர் கையில் தள்ளிவிட வழியில்லை. தெருப் பெண்கள் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் ஊற்றியிருக்கிறார்.

சட்டி சுமந்தால் ஊரின் வெயில் குறைந்துவிடுமா என்று படித்த நண்பர்கள் கேட்கிறார்கள். டிகிரிக் கணக்கில் குறையாது. ஆனால் சூட்டுக்கு ஒரு பொறுப்பாளி உண்டு என்பதை வருஷத்துக்கு ஒருமுறை உள்ளங்கைக்குச் சொல்லித்தருகிற வேறு பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. தெரு முழுக்க அவுட்டோர் யூனிட்டுகள் ஒன்றன் முகத்தில் ஒன்று ஊதிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் அந்தப் பாடம் முன்னைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

சுமப்பதைவிட உண்டாக்காமல் இருப்பது மேல். கிராபிக்ஸ் கார்டின் வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கி, ஃபிரேம் வேகத்தை 60-க்குள் நிறுத்தினேன். 170 வாட் தின்ற கார்டு இப்போது 120-ஐத் தாண்டுவது அரிது. திரையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. விசிறிச் சத்தம் குறைந்தது. பல இரவுகளில் ஏ.சி. இல்லாமலே ஜன்னலைத் திறந்து வைத்து உட்கார முடிகிறது. அடுத்த கார்டு வந்துவிட்டது, அதற்கடுத்ததும் வந்துவிட்டது என்று விளம்பரங்கள் சொல்கின்றன. 450 வாட் இழுக்கும் ஆர்.டி.எக்ஸ். 4090-ஐ இந்தத் தெருவில் ஓடவிட எனக்கு மனம் வராது.

உங்கள் வீட்டிலும் கேம் கணினி இருந்தால் முதலில் தூசி எடுங்கள், பேஸ்ட் மாற்றுங்கள், பவர் லிமிட்டைக் குறைத்துப் பாருங்கள். அதன் பிறகும் ஏ.சி. வேண்டுமென்றால் மாட்டுங்கள். ஆனால் மாட்ட வருபவர் பைப் மிச்சம் என்று சொல்லும்போது, எதிரே யார் வீட்டு ஜன்னல் இருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு இடத்தைச் சொல்லுங்கள்.