ஆயாவின் மருந்தும் அச்சடித்த சாட்சியும்

1995இல் அமெரிக்கா மஞ்சளுக்குக் காப்புரிமை கொடுத்தது. மஞ்சள்பொடி புண்ணை ஆற்றும் என்பதுதான் 'கண்டுபிடிப்பு'. வாங்கியது மிஸிஸிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம். கண்டுபிடித்தவர்களாகப் பதிவானவர்கள் இந்தியாவிலிருந்து போன இரண்டு பேர். சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து மனுப்போட்டு 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. பாட்டி வைத்தியத்துக்குக் கிடைத்த வெற்றி என்று இன்றைக்கும் மேடைகளில் பேசுகிறார்கள். எந்தப் பாட்டி என்றுதான் நான் கேட்கிறேன்.

அப்போதைய அமெரிக்கச் சட்டப்படி, வேறொரு நாட்டு ஜனங்கள் ஒன்றை அறிந்திருப்பதும் புழங்குவதும் மட்டும் சாட்சியாகாது. அச்சில் இருக்க வேண்டும். (2011இல்தான் இதைத் திருத்தினார்கள்.) ஆகவே சமஸ்கிருத நூல், உருது நூல், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை என்று 32 ஆதாரங்களைக் காட்ட வேண்டியிருந்தது. காட்டினார்கள், ஜெயித்தார்கள். நல்லதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக எழுத்தே மறுக்கப்பட்டவர்கள் எதைக் காட்டுவது?

எங்க ஆயா பிரசவம் பார்க்கிறவள். ஊர்த்தெருவில் வலி கண்டால் ராத்திரியில் சேரிக்கு ஆள் வரும். பின்வாசல் வழியாகப் போவாள். நச்சுக்கொடியைத் தொடுவது தீட்டு, அதனால் அது எங்கள் வேலை. பிள்ளை பிறந்ததும் முறத்தில் நெல் போடுவார்கள், அவள் நின்ற இடத்தைக் கழுவிவிடுவார்கள். ரத்தப்போக்கு நிற்காவிட்டால் ஏதோ ஒரு தழையை அரைத்துக் கொடுப்பாள். என்ன தழை என்று ஊரில் யாருக்கும் சொன்னதில்லை. "அதயும் சொல்லிப்புட்டா அப்புறம் என்னய எவங் கூப்புடுவான்?" என்பாள்.

இந்த வார்த்தை என்னைப் பல நாள் தொந்தரவு செய்திருக்கிறது. அறிவு பொதுச்சொத்து, அதற்கு வேலி கட்டாதே என்று மேடையில் பேசுகிறவன் நான். ஆனால் 'பொது' என்பது எங்களுக்கு என்னவாக இருந்தது? ஊர்ப் பொதுக்கிணறு, ஊர்ப் பொதுச்சாவடி, பொதுச்சுடுகாடு. எதிலாவது எங்கள் கால் பட்டதா? ஆயாவின் அறிவை மட்டும் பொது என்று எடுத்துக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை.

அப்படியானால் காப்புரிமை வேண்டும் என்கிறேனா? அதுவும் இல்லை. நோவார்ட்டிஸ் கம்பெனியின் கிளிவெக், ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து, மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்தியக் கம்பெனிகள் அதையே 8,000, 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன. பழைய மருந்தைச் சற்று மாற்றிப் புதிது என்று சொல்லாதே என்பது காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அதை வைத்துத்தான் 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம் அந்தக் கம்பெனியின் மனுவைத் தள்ளியது. தள்ளாமல் விட்டிருந்தால் சாகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். ஆராய்ச்சிக்குச் செலவாகிறது, லாபம் இல்லாவிட்டால் எவனும் மருந்து கண்டுபிடிக்கமாட்டான் என்கிறார்கள். ஆயாவுக்கு என்ன லாபம்? ஒரு முறம் நெல்.

அவள் ஒளித்ததையும் கம்பெனி ஒளிப்பதையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது. காசு இல்லையென்று அவள் எந்த வீட்டுக்கும் போகாமல் இருந்ததில்லை. தழையின் பெயரைத்தான் மறைத்தாள், தழையை மறைக்கவில்லை.

அகத்தியமலைக் காணிக்காரர்கள் கதை நினைவுக்கு வருகிறது. 1987இல் காட்டுக்குள் போன விஞ்ஞானிகளுக்கு, களைப்பு தெரியாமலிருக்கத் தாங்கள் தின்னும் ஆரோக்கியப்பச்சையை அவர்கள் லேசில் காட்டவில்லை. பிறகு அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடானது. குறைகள் உண்டு, எல்லாக் காணிகளையும் கேட்டுச் செய்ததல்ல. ஆனாலும் இது எங்களிடமிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு இடம் கிடைத்தது. மருந்தை யாரும் செய்யட்டும், மலிவாகச் செய்யட்டும். சொன்னவளின் பெயரும் கூலியும் தனியே நிற்கட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

மஞ்சள் வழக்குக்குப் பிறகு, 2001இலிருந்து அரசு பாரம்பரிய அறிவுக்கு ஒரு மின்நூலகம் சேர்த்துவருகிறது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி நூல்களிலிருந்து லட்சக்கணக்கான மருந்துமுறைகளை எடுத்து ஐந்து உலக மொழிகளில் போட்டிருக்கிறார்கள். நூல்களிலிருந்து.

ஆயா செத்தது நான் எம்.ஏ. படித்த வருஷம். அந்த மாதம் சித்தர் பாடல்களுக்குப் பரீட்சைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். மூலிகைப் பெயர்களை அகராதியில் தேடித்தேடி எழுதினேன். வீட்டில் கயிற்றுக்கட்டிலில் கிடந்தவளிடம் அது என்ன தழை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.